சான்றிதழ் கேட்பதற்கு முன் அந்த விளக்கைப் பாருங்கள்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பணிக்கூடத்தில் ஹெட்ஃபோன் அணியக் கூடாது, இனி யாருக்கும் நிலையான இருக்கை கிடையாது, விலக்கு வேண்டுவோர் மருத்துவச் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும் என்று தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கை பற்றியே இந்த மடல். இதற்கு முன் ஊழியர்கள் கொடுத்த மனுக்களெல்லாம் தங்கள் கோப்பில் இருக்கின்றன. அவற்றை இங்கே மறுபடி அடுக்கவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: வெளிச்சமோ ஓசையோ வாசனையோ தாங்க முடியாமல் தவிக்கும் ஒருவர் தன் இடத்தைச் சரிசெய்து தரும்படி கேட்டால், சான்றிதழ் கேட்காமல் செய்து கொடுங்கள்.

மனுக்களில் திரும்பத் திரும்ப வருவது தலைக்கு மேலிருக்கும் விளக்கு. பராமரிப்புப் பிரிவினர் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். ‘நல்லாத்தானே எரியுது’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எரியத்தான் செய்கிறது. ஆனால் பழைய காந்த சோக்கில் ஓடும் டியூப்லைட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது; 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. இத்தனை வேகமான துடிப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் விழித்திரையும் மூளையும் அதை வாங்கிக்கொண்டேதான் இருக்கின்றன. 1989இல் பிரிட்டனில் ஆர்னால்டு வில்கின்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஓர் அலுவலகத்தில், எப்போது எந்த சோக் ஓடுகிறது என்று ஊழியர்களுக்குத் தெரியாதபடி மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தார்கள். நொடிக்குப் பல்லாயிரம் முறை இயங்கும் மின்னணு சோக் இருந்த நாட்களில் தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே குறைந்தன. அந்த அலுவலகத்தில் யாரும் சான்றிதழ் கொண்டுவரவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு பென்சில் போதும். சந்தேகப்படும் விளக்கை மட்டும் எரியவிட்டு, அதன் கீழ் பென்சிலைப் பக்கவாட்டில் வேகமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே மங்கலான விசிறிபோல் தெரிந்தால் கவலை குறைவு. தனித்தனிப் பென்சில்களாக உடைந்து தெரிந்தால் விளக்கு துடிக்கிறது. கைபேசிக் கேமராவில் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கோ அதற்கும் வேகமாகவோ வைத்து விளக்கைப் பார்த்தால், திரையில் கறுப்புப் பட்டைகள் நகர்வதையும் காணலாம்.

எல்இடிக்கு மாறிவிட்டோமே என்று சொல்லக்கூடும். எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் மலிவானதாக இருந்து, அதில் மின்னோட்டத்தைச் சமன்படுத்தும் மின்தேக்கி சிறியதாக இருந்தால் அதே 100 ஹெர்ட்ஸ் துடிப்பு அதிலும் வரும். மங்கலாக்கும் டிம்மர் இன்னொரு சிக்கல். பல டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டுத்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. அந்த வேகம் போதாவிட்டால், கூசுகிறது என்று குறைத்தவருக்கு முன்பைவிட மோசமாகிவிடும். எனவே விளக்கு வாங்கும்போது விற்பவரிடம் வாட்டேஜோடு துடிப்பு அளவையும் கேளுங்கள். எல்இடி துடிப்புக்கென்றே, மின் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ 2015இல் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரை இருக்கிறது.

இன்னொரு தவறும் வழக்கமாக நடக்கிறது. ஒருவர் முறையிட்டதும் அவர் தலைக்கு நேர்மேல் உள்ள ஒரு டியூபை மட்டும் கழற்றிவிடுகிறார்கள். சுற்றிலும் பளிச்சென்ற கூடம், நடுவில் இருட்டாக ஒரு மேசை. நிமிரும்போதும் குனியும்போதும் கண் புதிதாகப் பழக வேண்டியிருப்பதால் வலி கூடத்தான் செய்யும். ஒரு மூலையில் இரண்டு வரிசை விளக்குகளைச் சேர்த்து அணைத்துவிட்டு, அங்கே அமர்பவர்களுக்கு மேசை விளக்கு கொடுப்பதே சரி. எழுத, படிக்க மேசைமீது 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வேண்டும் என்பது பொதுவான அளவு. திரையை மட்டும் பார்த்து வேலை செய்பவருக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும் போதும்.

ஓசைக்கு வருவோம். கூடத்தின் இரைச்சலை அளந்து, அது கேட்கும் திறனைக் கெடுக்கும் அளவுக்கு மிகக் கீழே இருக்கிறது என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். அளவு சரி, அளந்த பொருள்தான் வேறு. 85 டெசிபல், 8 மணி நேரம் என்ற வரம்பு காது கெடாமலிருக்க வகுத்தது. கவனம் சிதறுவது ஓசையின் உரப்பால் மட்டும் நடப்பதில்லை. பின்னால் ஒருவர் மெல்லிய குரலில் தொலைபேசியில் பேசினாலும், சொற்கள் புரிகிறவரை மூளை அதை விடாமல் பின்தொடரும். பெரும்பாலோர் கொஞ்ச நேரத்தில் அதைக் கேட்காததுபோல் இருக்கப் பழகிவிடுவார்கள். புலனுணர்வு கூர்மையாக உள்ளவருக்கு அந்த வடிகட்டி சரியாக வேலை செய்வதில்லை. அச்சு இயந்திரம், நாற்காலி இழுபடுவது, யாரோ பேனாவை அழுத்துவது எல்லாம் ஒரே உரப்பில் உள்ளே வரும். ஹெட்ஃபோன் அவருக்குக் கூசும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போல.

அதுவும் முழுத் தீர்வு இல்லை. இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் ஏ.சி.யின் சீரான உறுமலை நன்றாகக் குறைக்கும், பேச்சுக் குரலை அவ்வளவாகக் குறைக்காது. காதைத் தினமும் நாள் முழுக்க அடைத்தே வைத்திருந்தால் அடைப்பை எடுத்ததும் சாதாரண ஓசைகூட முன்பைவிட உரக்கக் கேட்கத் தொடங்கும். ஆகவே இருக்கையும் வேண்டும்: முதுகுக்குப் பின் சுவர், கதவும் அச்சு இயந்திரமும் கழிப்பறையும் எட்ட, தினமும் அதே இடம். நாளுக்கொரு மேசை என்றால், புது வெளிச்சம், புது ஓசை, புது மணம் என்று காலையிலேயே பாதிச் சக்தி போய்விடும்.

வாசனைக்கு அதிக வேலை இல்லை. தானாகப் பீய்ச்சும் வாசனைக் கருவியை எடுத்துவிடுங்கள், தரை கழுவும் திரவத்தைப் பணி நேரம் முடிந்தபின் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் குறைத்துக்கொண்டே போங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. புலனுணர்வை ஆராய்ந்த அமெரிக்க நிபுணர் வின்னி டன் 1997இல் வகுத்த மாதிரி இதைத் தெளிவாகச் சொல்கிறது. சிலருக்குச் சிறு தூண்டலே மிகுதி, சிலருக்குப் பெரிய தூண்டலும் போதாது. காலை ஆட்டிக்கொண்டே இருப்பவர், நின்றபடி வேலை செய்ய விரும்புபவர், கையில் எதையாவது அழுத்திக்கொண்டிருப்பவர் எல்லாம் இரண்டாம் வகையாக இருக்கலாம். ஒரே ஆளுக்கு ஓசை மிகுதியாகவும் அசைவு போதாமலும் இருப்பதுண்டு. இதனால்தான் அவரவரைக் கேளுங்கள் என்கிறோம்.

இப்போது அந்தச் சான்றிதழ். மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 நூல் 2013இல் புலனுணர்வு மிகைவினையையும் குறைவினையையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தனி நோயாக அதற்கு ஒரு பெயர் அந்த நூலில் இல்லை. ஆட்டிசம் இல்லாமல், ஏடிஎச்டி என்னும் கவனக் குறைபாட்டாலோ மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலியாலோ பெருந்துயருக்குப் பிந்தைய மன அழுத்தத்தாலோ தவிப்பவர்கள் உண்டு. எந்தப் பெயருக்குள்ளும் வராதவர்களும் உண்டு. மருத்துவர் என்னவென்று எழுதித் தருவார்? ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை (2006), நியாயமான வசதி செய்துதர மறுப்பதையே பாகுபாடு என்கிறது. இருக்கையை மாற்றித் தருவதற்கு ஒருவர் தன் மருத்துவ வரலாற்றை எத்தனை மேசைகளில் விரித்துக் காட்ட வேண்டும்?

நாள் முழுதும் அடக்கிவைத்தது வீட்டில்தான் வெடிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அந்த ஊழியர் பேசாமல் அறைக்குள் போகிறார், தட்டு விழுந்தால் எரிந்து விழுகிறார்; வீட்டார் அதைக் கோபம் என்று நினைக்கிறார்கள். வீட்டாருக்கு எங்களால் சொல்ல முடிந்தது இதுதான்: முதல் அரை மணி நேரம் கேள்வி வேண்டாம், பெரிய விளக்கை அணைத்து ஓரத்து விளக்கை மட்டும் போடுங்கள், தொலைக்காட்சியும் மிக்ஸியும் ஒரே நேரத்தில் ஓட வேண்டாம், மிக்ஸி போடுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சட்டைக் கழுத்தில் உரசும் லேபிள் பட்டியைத் தையல் பிரித்து எடுத்துவிடுங்கள் (கத்தரித்தால் மிஞ்சும் முனை இன்னும் குத்தும்). அவர்கள் செய்கிறார்கள். ஆனால் எட்டு மணி நேரம் அலுவலகத்தில் ஏறிய சுமையை அரை மணி நேரத்தில் வீடு எப்படி இறக்கும்?

நிறுவனங்கள் ஊழியர் நலத்துக்கென்று ஒரு வாரம் ஒதுக்கி மூச்சுப் பயிற்சி கற்றுத் தருகின்றன. வகுப்பு நடக்கும் அறையின் விளக்கே துடிக்கிறது. அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும் பொறுப்பை ஊழியர் தலையில் கட்டிவிட்டு, அழுத்தம் தரும் பொருளைத் தொடாமல் விடுவது எங்களுக்கு ஆறாத வருத்தம்.

கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்தருளுங்கள். சுற்றறிக்கையில் ஹெட்ஃபோன், இருக்கை, சான்றிதழ் பற்றிய மூன்று பத்திகளையும் திரும்பப் பெறும்படி பணிவுடன் கேட்கிறோம். கேட்பவருக்கு நிலையான இருக்கை கொடுங்கள். கூடத்தின் ஒரு மூலையில் விளக்கை மாற்றித் தொடங்குங்கள், பென்சில் சோதனையைத் தங்கள் அறையிலும் செய்து பாருங்கள். சான்றிதழ் மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணியிட நலக் குழுவினர்