நிறம் சொன்னது நீங்கள், பழி மட்டும் எங்களுக்கா?

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: உங்கள் பெயின்ட் நிறுவனத்தின் நிற ஆலோசனைச் சேவையின்படி பூசப்பட்ட வெளிச்சுவர், கூடம், படுக்கையறை ஆகியவற்றின் நிறக் கோளாறு, தீர்வு காணாமலே மூடப்பட்ட புகார்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தில் யாரிடமெல்லாம் பேச முடியுமோ அத்தனை பேரிடமும் பேசி ஓய்ந்த பிறகே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கடைக்காரர் நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார். நிறுவனம் ஆலோசகரைக் கேட்கச் சொன்னது. அந்த ஆலோசகர் வேறு பகுதிக்கு மாறிவிட்டாராம். அவர் இடத்துக்கு வந்தவரோ, "பழைய வேலைக்கு நான் பொறுப்பல்ல, கடைக்காரரிடமே கேளுங்கள்" என்று தொடங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பினார். அழைக்கும்போதெல்லாம் ஒரு புதுப் புகார் எண் தருகிறீர்கள்; தந்த கையோடு பழைய எண்ணைத் தீர்க்கப்பட்டதாகக் குறித்து மூடிவிடுகிறீர்கள். எது தீர்ந்தது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

எந்த ஷேடு எண், எந்த பேஸ் (நிறமி சேர்க்கும் முன் உள்ள அடிப்படைப் பெயின்ட்), எந்தெந்த வாளிகள் எந்தக் கடையில் கலக்கப்பட்டன என்பதெல்லாம் உங்கள் கணினியில் இருக்கிறது. அதை நான் மறுபடி ஒப்பிக்கப் போவதில்லை. உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லித்தர வேண்டியிருக்காது என்று நம்பித்தான் உங்களிடம் வந்தோம்.

நாங்களாக எந்த நிறத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கென்று நீங்கள் நடத்தும் கட்டணச் சேவையைத்தான் வாங்கினோம். உங்கள் ஆலோசகர் வீட்டைப் படமெடுத்தார். கையிலிருந்த திரையில் விரலால் தொட்டுத் தொட்டுச் சுவர்களுக்கு நிறம் ஏற்றிக் காட்டினார். வெளிச்சுவருக்குச் சாம்பல் கலந்த பச்சை, முகப்புத் தூண்களுக்கு மஞ்சள், கூடத்துக்கு வெளிர் சாம்பல், படுக்கையறைக்கு மெல்லிய பீச் நிறம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. "சுவரில் ஒரு ஓரமாகக் கொஞ்சம் பூசிப் பார்க்கலாமே, மாதிரி டப்பா கிடைக்குமா?" என்று என் மனைவி கேட்டார். "திரையிலேயே தெரிகிறதே அம்மா, இதே நிறம்தான் வரும்" என்று சொல்லிவிட்டார் அவர். திரை தானே ஒளியை உமிழ்வது. சுவர், தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவது. இரண்டும் ஒன்றாகத் தெரியாது என்பது பெயின்ட் விற்கும் நிறுவனத்தின் ஆலோசகருக்குத் தெரியாதா?

இப்போது எங்கள் வெளிச்சுவரைப் பாருங்கள். காலையிலும் மாலையிலும் ஏதோ பச்சைச் சாயல் இருக்கிறது. உச்சி வெயிலில் பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை. வெறும் பிரைமர் அடித்துவிட்டு ஆட்கள் போய்விட்டதைப் போல வெளிறிக் கிடக்கிறது. திறந்த வெயிலில் எந்த நிறமும் நிற அட்டையில் இருப்பதைவிட வெளிறித்தான் தெரியும், அதனால் வெளிச்சுவருக்கு ஒன்றிரண்டு படி அடர்த்தியாக எடுக்க வேண்டும் என்று பின்னால் எங்கள் பெயின்டர் சொன்னார். ஒரு பெயின்டருக்குத் தெரிந்தது உங்கள் ஆலோசகருக்குத் தெரியவில்லை. உங்கள் நிற அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஷேடுக்கும் ஓர் எண் அச்சிட்டிருக்கிறீர்கள். கறுப்பை 0 என்றும் வெள்ளையை 100 என்றும் வைத்து, நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் எண் அது. வெளிச்சுவர் கண்ணைக் கூசுமா, அறை இருண்டு போகுமா என்பதை முன்கூட்டியே ஊகிக்கத்தான் அது இருக்கிறது. அது என்ன எண் என்று அன்றே நான் கேட்டேன். "அது தொழிற்சாலைக்கான குறியீடு, நமக்குத் தேவையில்லை" என்றார் உங்கள் ஆலோசகர்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது உங்கள் தொலைபேசிச் சேவையில் பேசிய அந்த மனிதரின் நாக்கு. பெயர் கேட்டதற்குச் சொல்லவில்லை. அழைப்புகளைப் பதிவு செய்வதாக ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்களே, அந்தப் பதிவை நீங்களே எடுத்துக் கேளுங்கள். நான் சொல்லி முடிக்கும் முன்பே, "சார், நிறம் என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. கண் மருத்துவரைப் பார்த்தீர்களா?" என்றார். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டது. நான் குரலை உயர்த்தவில்லை. நிதானமாக மீண்டும் சொன்னேன். பெயின்ட் காய்ந்தால் சரியாகிவிடும், ஒரு மாதம் பொறுங்கள் என்றார். தண்ணீர் சேர்த்து அடிக்கும் எமல்ஷன் பெயின்ட், தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்வதற்குச் சில மணி நேரம் போதும். காயும்போது நிறம் சற்று அடர்வதும் அதோடு முடிந்துவிடும். ஒரு மாதம் எதற்கு? நான் களைத்துப்போய் விட்டுவிடுவேன் என்பதற்கா?

பிறகு சுவரைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். சில நாள் கழித்து உங்களிடமிருந்து பதில் வந்தது: "புகைப்படங்களில் நிறம் சரியாகத் தெரியாது என்பதால் இந்தப் புகாரை ஏற்க இயலாது." ஐயா, தயவுசெய்து இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். எங்கள் வீட்டின் புகைப்படத்தைக் காட்டித்தான் இந்த நிறங்களை எங்கள் தலையில் கட்டினீர்கள். விற்கும்போது படம் சாட்சி, புகார் சொன்னால் படம் பொய்யா? இந்த ஒரு வரிக்கு எழுத்துப்பூர்வமான விளக்கம் வராமல் நான் விடப்போவதில்லை.

கூடத்தின் கதை வேறு. அந்த அறையின் ஜன்னல்களில் நேர் வெயில் படாது. வானத்தின் வெளிச்சம் மட்டுமே வரும். அப்படிப்பட்ட அறையில் குளிர்ந்த சாம்பல் நிறம் நீலம் பாரிக்கும். பாரித்துவிட்டது. தரைக்கல்லில் ஒரு துண்டை உங்கள் காட்சிக்கூடத்துக்கே எடுத்துப்போய், அங்கிருந்த பளிச்சென்ற வெள்ளை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோது ஷேடும் கல்லும் ஒட்டிப் பிறந்தவைபோல் பொருந்தின. எங்கள் கூடத்தில் இருப்பவை 2700 கெல்வின் மஞ்சள் விளக்குகள். இரவில் கல் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கின்றன. ஒரு விளக்கின் கீழ் பொருந்தும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடும் என்பது நிறத் தொழிலில் பாலபாடம் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டில் என்ன விளக்கு போட்டிருக்கிறீர்கள் என்று உங்கள் ஆலோசகர் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? படுக்கையறையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. தபால்தலை அளவு அட்டையில் மென்மையாக இருந்த பீச் நிறம், நான்கு சுவரிலும் ஏறி, ஒன்றன் நிறம் மற்றொன்றில் பட்டுத் திரும்பி, கொதிக்கும் ஆரஞ்சாக நிற்கிறது. என் தாயார் அந்த அறையில் படுக்க மறுக்கிறார்.

உங்கள் கிளை அலுவலகத்துக்கு வரச்சொல்லி அலைக்கழித்ததையும் எழுதியாக வேண்டும். சுவரின் பூச்சிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் கொண்டுவந்தால் நிறம் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்து, ஷேடு எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்வதாக உங்கள் ஆள்தான் சொன்னார். வேலைக்கு விடுப்புப் போட்டு, புதிதாகப் பூசிய சுவரைச் சுரண்டி, சில்லைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். கருவி இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவர் இல்லை. மதியத்துக்கு மேல் வருவார் என்று உட்கார வைத்தார்கள். மாலையில் வந்தவர் சில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கருவியின் கண் முழுதும் மூடும்படி அகலமான, மேடுபள்ளமில்லாத துண்டு வேண்டும், இது பயன்படாது என்றார். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "அது வேறு பிரிவு" என்றார். இன்று என் வெளிச்சுவரில் நிறமும் இல்லை, அந்த இடத்தில் பூச்சும் இல்லை.

வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். கோபத்தில் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. பக்கச் சுவரில் நடுவாக ஒரு கோடு ஓடுகிறது. அதற்கு மேலே ஒரு பச்சை, கீழே இன்னொரு பச்சை. ஷேடு எண் ஒன்றே. முதல் தவணை வாளிகள் ஒரு கடையின் இயந்திரத்திலும், மீதி வாளிகள் வேறு கடையிலும் கலக்கப்பட்டிருக்கின்றன. பேஸின் தயாரிப்புத் தொகுதி எண்ணும் வேறு. வாளிகளை எங்கள் விருப்பத்துக்கு வாங்கவில்லை, உங்கள் சேவைதான் பிரித்துப் பிரித்து அனுப்பியது. எல்லாம் ஒன்றாக வந்திருந்தால் பெரிய டிரம்மில் கொட்டிக் கலந்து ஒரே சீராக அடித்திருப்பேன் என்கிறார் பெயின்டர். சாரத்தையும் அவிழ்த்தாகிவிட்டது. ஒரு சுவரைத் திருத்த வேண்டுமானாலும் மறுபடி சாரம் கட்ட வேண்டும்.

தூண்களின் மஞ்சள் வெயில் படும் பக்கம் இப்போதே வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. உங்கள் அட்டையில் அந்த ஷேடின் அருகே ஒரு நட்சத்திரக் குறி, அட்டையின் அடியில் பொடி எழுத்தில், "உட்புறப் பயன்பாட்டுக்கு மட்டும்." பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு தரும் கரிம நிறமிகள் பல வெயில் தாங்காதவை, காவி, செம்மண் சாயல் தரும் இரும்பு ஆக்சைடு நிறமிகள் தாங்குபவை. அதனால்தானே அந்தக் குறியையே போடுகிறீர்கள்? உங்கள் அட்டையை உங்கள் ஆலோசகரே படிக்கவில்லை. கடையில் கலக்கிக் கொடுத்தவரும் படிக்கவில்லை.

இந்த வீட்டுக்காக வாழ்நாள் சேமிப்பைக் கொட்டியிருக்கிறோம். அதை ஒரே மாதத்தில் நாசம் செய்துவிட்டீர்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாளை விற்க நினைத்தாலும் இந்தக் கோலத்தில் யார் வாங்குவார்கள்? தூக்கம் போய்விட்டது, வீட்டில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசுவதுகூடக் குறைந்துவிட்டது. "ஆலோசனை எங்களுடையது, முடிவு உங்களுடையது" என்ற உங்கள் வாக்கியத்தை மட்டும் இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். முடிவு எங்களுடையது என்றால் ஆலோசனைக்குக் கட்டணம் எதற்கு வாங்கினீர்கள்?

உங்கள் நிறுவனத்தின்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. பல ஆண்டுகளாக உங்கள் பெயின்ட்டைத்தான் வாங்கி வந்திருக்கிறோம். ஆகவே பணிவுடன் கேட்கிறேன். ஆலோசனைக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். வெளிச்சுவர் முழுவதையும் தூண்களையும் வெளிப்புறத்துக்கு உகந்த நிறத்தில், ஒரே தொகுதி வாளிகளில், சாரக்கூலி ஆட்கூலி உட்பட உங்கள் செலவில் மீண்டும் பூசிக் கொடுங்கள். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் புதிய ஷேடுகளை, மாதிரியைச் சுவரில் இரண்டு கோட் பூசிக் காட்டி, நாங்கள் பகலிலும் இரவிலும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அடியுங்கள். தொலைபேசியில் பேசிய அந்த மனிதர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். மற்றதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பொறுப்பான அதிகாரி ஒருவர் நேரில் வர வேண்டும். வராவிட்டால், ஆலோசகர் தந்த படங்கள், வாளிகளின் தொகுதி எண்கள், நட்சத்திரக் குறியுள்ள உங்கள் அட்டை, புகைப்படத்தைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி பதில் ஆகியவற்றுடன் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். அங்கு நான் கேட்கப்போகும் இழப்பீடு இந்தக் கடிதத்தில் கேட்டதோடு நிற்காது. நகல்களை எடுத்து வைத்துவிட்டேன், வழக்கறிஞரிடமும் பேசிவிட்டேன்.

வருபவர் உச்சி வெயிலில் வரட்டும். விளக்குப் போடும் நேரம் வரை இருந்து கூடத்தையும் பார்த்துவிட்டுப் போகட்டும். வேறு பிரிவு என்று சொல்பவரை அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாடிக்கையாளர்