மாட்டிறைச்சிக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி: சிறுநீரக உணவியல் வல்லுநர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிறுநீரக உணவியல் வல்லுநர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் நிலையில் தொடங்கி இன்று டயாலிசிஸ் வரை வந்துவிட்ட என் தந்தைக்குச் சமைத்துக் கொடுப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நீங்கள் தரும் உணவுத் தாளில் மாட்டிறைச்சிக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி மட்டும் இருந்தது. எவ்வளவு, எந்தப் பகுதி, எப்படிச் சமைத்தது என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை.

வற்புறுத்திக் கேட்டபோது பேனாவால் '80 கிராம்' என்று எழுதித் தந்தார்கள். பச்சையாகவா, வெந்த பிறகா? வீட்டுத் தராசில் கொழுப்பு நீக்கிய 100 கிராம் பச்சை இறைச்சியை வைத்தேன். வெந்தபின் அது 72 கிராமாகச் சுருங்கியிருந்தது. போனது பெரும்பாலும் நீர்தான், புரதம் அன்று. ஆகவே பச்சையாக 80 கிராம் என்றால் ஏறத்தாழ 17 கிராம் புரதம், வெந்தது 80 கிராம் என்றால் 24 கிராமை ஒட்டி வரும். டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில், உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்ற கணக்கில் நாளெல்லாம் 48 கிராம் புரதமே உண்ணவேண்டிய 60 கிலோ எடைக்காரருக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

அந்தப் பெருக்கல் குறியால் நேர்ந்த கேலிக்கூத்து ஒன்றையும் சொல்லவேண்டும். புதிய இறைச்சியைக் கண்டு அஞ்சிய என் தந்தை, தாளில் பெயர் இல்லாத ஒரே காரணத்தால் டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சியையும் சாசேஜையும் கவலையின்றி உண்டுவந்தார். பழுதான சிறுநீரகத்தால் சரிவர வெளியேற்ற முடியாத தாது பாஸ்பரஸ். இறைச்சியில் இயல்பாக உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதிதான் உடலில் சேர்கிறது. பதப்படுத்தச் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளோ பெரும்பாலும் முழுமையாகவே சேர்ந்துவிடுகின்றன. சோடியம் வேறு. லேபிளில் பாஸ்பேட்டுகளைக் குறிக்கும் 450, 451, 452 என்ற சேர்க்கை எண்களைத் தேடுங்கள் என்று தாளில் ஒரு வரி இருந்திருந்தால் நான் அன்றே தேடியிருப்பேன். உப்புக் குறைத்தது என விற்கும் சிலவற்றில், பாஸ்பரஸைப் போலவே எங்களுக்கு ஆகாத பொட்டாசியம், பொட்டாசியம் குளோரைடாக இருப்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியமும் பாஸ்பரஸும் ஓரளவு குறையும். நலம் விசாரிக்க வருபவர்களோ அந்த நீரைத்தான் சூப் என்று கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். ஈரலில் பாஸ்பரஸ் அதிகம் என்பதும் தாளில் இல்லை.

மாட்டிறைச்சிக்காக நான் வாதாடவில்லை. டயாலிசிஸுக்கு முன் சிவப்பிறைச்சியைக் குறைக்கச் சொல்வதற்கு அமிலச்சுமை (செரித்தபின் உடலில் சேரும் அமிலம்), நிறைவுற்ற கொழுப்பு எனத் தக்க காரணங்கள் உண்டு. ஆனால் டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கே மாறி, புரதத் தேவை கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை உயர்கிறது. டயாலிசிஸில் இரத்தத்தைச் சுத்திகரிக்கும்போதே புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களும் வெளியேறுகின்றன. இதை யாரும் சொல்லாததால், டயாலிசிஸ் தொடங்கி நான்கு மாதங்கள் ஆன பின்னும் என் தந்தை குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த பழைய தாளையே பின்பற்றினார். இரத்தத்திலுள்ள புரதமான ஆல்புமின் இறங்கிய பிறகே எங்களுக்கு விஷயம் புரிந்தது.

ஆகவே, தாளின் தலைப்பில் நோயின் நிலையையும் தேதியையும் எழுதுங்கள். எடை பச்சையா வெந்ததா என்று குறிப்பிடுங்கள். பதப்படுத்தியதற்குத் தனி வரி ஒதுக்குங்கள். நிலை மாறும் நாளில், பழைய தாளைக் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்