கவலை தம்பியைப் பற்றித்தான், பாப்பாவைப் பற்றியல்ல

அழகாபுரம், சேலம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

உன் பிள்ளைகள் தம்பியும் பாப்பாவும் ஷார்ஜா வந்து சேர்ந்துவிட்டதாக மாப்பிள்ளை போன் செய்தார். மாம்பழப் பெட்டி நசுங்காமல் வந்ததா? இமாம் பசந்தை முதலில் தின்னச் சொல், மல்கோவா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். லீவுக்கு அனுப்பும்போது உங்கம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் போட்டிருந்தாய். பாப்பாவுக்குக் காலையில் ஓட்ஸ், மத்தியானம் காய் மட்டும், ராத்திரி ஒரே ஒரு சப்பாத்தி. தம்பிக்கு மட்டும் 'நெய் ஊத்திப் போடுங்க, கேட்டதெல்லாம் குடுங்க, ஒல்லியா இருக்கான்'. உங்கம்மா அந்தப் பட்டியலை வந்த மறுநாளே மறந்துவிட்டாள் என்பது வேறு கதை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். நீ கவலையை ஆள் மாற்றி வைத்திருக்கிறாய்.

பி.டி. வாத்தியார் புத்தி போகுமா? வருஷா வருஷம் ஜூன் மாதம் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம், எடை எழுதியவன் நான். இவர்களையும் நிறுத்தினேன். கூடவே உங்கம்மாவின் தையல் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்து இடுப்பையும் அளந்தேன். பேண்ட் கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு அளக்க வேண்டும். தம்பி வயிற்றை எக்கிக்கொண்டு நின்றான். "டேய், அப்புச்சிகிட்டயேவா?" என்றதும் சிரித்துவிட்டான், சிரித்ததில் வயிறு வெளியே வந்துவிட்டது.

இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சுலபமான கணக்கு. பாப்பா 156 செ.மீ. உயரம், இடுப்பு 68. பாதிக்கு 10 செ.மீ. குறைவு. தம்பி 160, இடுப்பு 81. பாதியைத் தாண்டிவிட்டான். ஆனால் அவன் எடை 53 கிலோ, உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் 20.7. அவன் பள்ளிக்கூடத்து ஹெல்த் கார்டில் 'நார்மல்' என்று எழுதியிருப்பதாக நீயே சொன்னாய். எடை மெஷினுக்குச் சதை எது, கொழுப்பு எது என்று தெரியாது.

போன வருஷத்து ஜீன்ஸ் பாப்பாவுக்கு ஏறவில்லை என்று நீ பதறியதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு 13 வயது. பெண் பிள்ளைகளுக்கு இந்த வளர்ச்சி ஆண் பிள்ளைகளைவிடச் சுமார் இரண்டு வருஷம் முன்னதாகவே தொடங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண்மை ஹார்மோனின் வேலையே தொடையிலும் இடுப்புக்குக் கீழேயும் கொழுப்பைச் சேர்ப்பதுதான். அது உடம்பு தனக்கு வேண்டுமென்று சேர்ப்பது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு செய்கிற கெடுதலைத் தொடைக் கொழுப்பு இருதயத்துக்குச் செய்வதில்லை. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து ஏறுவதும் இந்த வயதில்தான். மாதவிடாய் வந்த பிள்ளைக்கு இரும்புச் சத்தும் வேண்டும். இதையெல்லாம் ஒரு சப்பாத்தியில் எங்கே தேடுவது? குமரகிரி படிகளில் அவள் உங்கம்மாவோடு கதை பேசிக்கொண்டே ஏறிப் போனாள். தம்பி பாதியிலேயே உட்கார்ந்துவிட்டு, மொபைல் பார்ப்பதுபோல் நடித்தான்.

எடைப் பேச்சு அவள் காதில் விழுகிற மாதிரி வேண்டாம் கண்ணு. சாப்பாட்டுத் தட்டை இடது கையால் தள்ளிவைக்கிற பழக்கம் வந்திருக்கிறது, கவனித்தாயா?

இனி தம்பி. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னால். நம் ஊரில் இதைப் பார்த்தால் 'பையனுக்குத் தொப்பை போட்டாச்சு, வசதி வந்தாச்சு' என்று கிண்டல் செய்துவிட்டுப் போவார்கள். கழுத்தின் பின்னால் கருப்பாக, தொட்டால் வெல்வெட் மாதிரி ஒரு பட்டை இருக்கிறது. உங்கம்மா அதை அழுக்கு என்று நினைத்துக் கடலைமாவு போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். அது தேய்த்தால் போகாது. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிற இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாதபோது ரத்தத்தில் இன்சுலின் கூடிப்போகும், அதன் அடையாளம்தான் பெரும்பாலும் இப்படிக் கழுத்திலும் அக்குளிலும் தெரியும். அவன் குளிக்கவில்லை என்று திட்டாதே.

ஒல்லியாகத் தெரிந்தும் உள்ளே கொழுப்பு இருப்பது நம் நாட்டு உடம்பின் வாகு. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இது, இரண்டு பேரைச் சட்டை கழற்றி நிற்க வைத்தாலே புரிந்துவிடுகிறது.

15 வயதில் இருதயத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பாய். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இருதயத்தை அறுத்துப் பார்த்து 1953-இல் எழுதினார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேருக்கு இருதய ரத்தக் குழாயில் படிவு ஏதோ ஓர் அளவில் இருந்தது. 22 வயதில் தெரிவது அதற்கு முன்னால் எப்போதோ தொடங்கியதுதானே. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு ஈரலுக்குப் போகிறது, டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு ஏறுகிறது, பிரஷர் ஏறுகிறது. சதை வளர்ந்தால் அதற்கேற்ப இருதயமும் வளரும், அது நல்ல வளர்ச்சி. பிரஷரும் கொழுப்பும் தள்ளி வளர்ந்தால் இருதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகிறது.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். நம் தம்பி ஒரே உடம்பில் இரண்டு ஆளாக இருக்கிறான், அவனுக்குப் பட்டினி வேண்டாம், சதை வேண்டும். முட்டை, கொள்ளுப் பருப்பு, சுண்டல், மீன் கொடு. நீ நெய்யைப் பற்றி யோசிக்கிறாய், நான் அங்கே கிடைக்கிற கரக் டீ என்கிற சர்க்கரை போட்ட பால் டீயையும் பாட்டில் ஜூஸையும் பற்றி யோசிக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை என்று அவனே சொன்னபோது உங்கம்மா வாயைப் பிளந்தாள். இங்கே சாயங்காலம் தட்டுவடை செட் நான்தான் வாங்கிக் கொடுத்தேன், அதை ஒத்துக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. லீவுக்கு வந்த பேரனுக்கு சேலத்தில் தட்டுவடை கிடையாது என்று சொல்கிற அப்புச்சி எவனும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 17 வயது வரை தினமும் சராசரி 60 நிமிஷம் நன்றாக மூச்சு வாங்குகிற விளையாட்டு வேண்டும் என்கிறது. அதில் வாரம் மூன்று நாள் சதைக்கும் எலும்புக்கும் வேலை கொடுப்பதாக இருக்க வேண்டும். அங்கே வெயிலில் வெளியே விட முடியாது என்பது தெரியும். தண்டால், பஸ்கி, ஸ்கிப்பிங் கயிறு, மாடிப்படி போதும். பாப்பாவையும் சேர்த்துக்கொள், ஆனால் இளைக்கச் சொல்லி அல்ல, பலத்துக்கு. ராத்திரி ஒன்றரை மணி வரை அவன் அறையில் வெளிச்சம் தெரிகிறது, அந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

மாலில் ஏறி நின்றால் கொழுப்புச் சதவீதம் அச்சடித்துத் தரும் மெஷினை நம்பாதே. உடம்பில் சின்னதாக மின்சாரம் விட்டுக் கணக்குப் போடுகிறது, தண்ணீர் குடித்தால் ஒன்று, குடிக்காவிட்டால் ஒன்று காட்டும். டாக்டரிடம் கூட்டிப் போ. பிரஷர் பார்க்கும்போது கையில் கட்டும் பட்டை அவன் கைக்குச் சரியான அளவா என்று கேள், பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், பெரிதாக இருந்தால் குறைவாகக் காட்டும். 13 வயதுக்கு மேல் 130/80 என்பது அதிகம்தான். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்ட மாட்டார்கள், வெவ்வேறு நாளில் மூன்று தடவை பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் சுகரும் கொலஸ்டிராலும் பார்க்கச் சொல். வளர்கிற வயதில் கொலஸ்டிரால் இயல்பாகவே கொஞ்சம் இறங்கியிருக்கும், அதனால் 'நார்மல்' என்று வந்தாலும் ஃபைலை மூடிவிடாதே, வளர்ந்து முடிந்தபின் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

அப்புறம், சம்பந்தியிடம் நான் நேராகக் கேட்டால் நன்றாக இருக்காது, நீயே மாப்பிள்ளையிடம் கேள். சம்பந்திக்கு இருதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தது எத்தனையாவது வயதில்? ஆண்களுக்கு 55-க்கு முன்னால் இருதய நோய் வந்திருந்தால் டாக்டர்கள் அதைக் குடும்பக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். அதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடு. பதில் எழுத நேரமில்லை என்றால் வெள்ளிக்கிழமை போன் செய்.

அன்புடன்,
அப்பா