அப்பாவின் ஒத்து

எஸ்போ, பின்லாந்து,
ஆகஸ்ட் 3

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் தை மாதம் வந்தது. இப்போது ஆடி. உன் அப்பா போன செய்தியை எழுதியிருந்தாய், நான் ஒரு வரி பதில் போடவில்லை. ஐந்தாறு தடவை உட்கார்ந்தேன். அவரைப் பற்றி எழுதினால் பள்ளிக்கூடத்தில் நாங்கள் உன்னைக் கூப்பிட்ட பெயரையும் எழுத வேண்டிவருமே என்று ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்விட்டேன். மன்னித்துவிடுடா.

இங்கே எல்லாரும் நலம். சின்னவனுக்குப் பல் விழுந்துகொண்டிருக்கிறது. உன் சர்க்கரை அளவை அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது. மாமி கடை பாதுஷாவை நீ விட்டிருக்க மாட்டாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவின் செல்லோ (அதுதான், காலுக்கு நடுவில் நிறுத்தி வில்லால் வாசிக்கும் பெரிய வயலின்) வகுப்பைப் பற்றி எழுதியிருந்தாயே, எப்போதும் கடைசி நாற்காலியில் உட்காரவைத்து அடி சுரத்தை இழுக்கச் சொல்கிறார்கள், நிறுத்திவிடலாமென்று இருக்கிறேன் என்று. நிறுத்திவிட்டாயா? இல்லையென்றால் நிறுத்தாதே. நிறுத்திவிட்டாய் என்றால் நாளைக்கே போய் மறுபடி சேர்த்துவிடு. இதை நான் சும்மா சொல்லவில்லை. போன மாதம் குஹ்மோ போயிருந்தோம்.

எங்கள் வீட்டிலிருந்து வடகிழக்கே கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். ரஷ்ய எல்லைப் பக்கம், எங்கே பார்த்தாலும் காடும் ஏரியும்தான். முதுகு ஒடிந்துவிட்டது. கொசு வேறு. நம் மன்னார்குடி ஹரித்ரா நதிக் கரைக் கொசுவெல்லாம் அதற்கு முன்னால் கைக்குழந்தை. இராத்திரி பதினொரு மணிக்கும் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம். அந்தச் சின்ன ஊரில் 1970-லிருந்து ஒவ்வொரு ஜூலையும் சேம்பர் இசை விழா, அதாவது சின்னச் சின்னக் குழுவாக வாசிக்கும் இசைக்கான விழா, நடக்கிறது. தொடங்கியவர் செப்போ கிமானென். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. அவரும் செல்லோக்காரர்தான். விழாவை ஒட்டி இளம் பிள்ளைகளுக்கு வகுப்பும் நடக்கிறது. அப்படி வந்த பிள்ளைகள் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் வாசித்தார்கள்.

மொத்தம் பன்னிரண்டு செல்லோ. வேறு வாத்தியமே இல்லை. எல்லாம் பதினைந்திலிருந்து இருபதுக்குள். அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். கை வீசி நடத்த ஒருவரும் கிடையாது. ஓரத்தில் இருந்த பையன் மூக்கால் ஒரு மூச்சு இழுத்தான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த நொடி எல்லா வில்லும் ஒன்றாக இறங்கிவிட்டது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்ததும் தவில்காரர் நிமிர்ந்து உட்காருவாரே, அதேதான்.

முதலில் எட்டுப் பேர் வில்லா-லோபோஸ் வாசித்தார்கள். பிரேசில்காரர், தானும் செல்லோ வாசித்தவர். 1930-ல் எட்டு செல்லோவுக்கென்றே எழுதியது. கடைசிப் பகுதிக்கு 'உரையாடல்' என்று பெயர் வைத்திருக்கிறார். ஒருவர் சொன்னதை அடுத்தவர் எடுத்துக்கொண்டு, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, நம் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் கூடினால் எப்படியோ அப்படி. அப்புறம் பன்னிரண்டு பேரும் சேர்ந்து கிளெங்கெல் என்ற ஜெர்மன்காரர் 1920-ல் எழுதிய ஒன்று. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது கடைசியில் வந்ததை.

அது ஒரு பின்னிஷ் நாட்டுப்பாட்டு. பிள்ளைகளே பிரித்து எழுதிக்கொண்டார்களாம். மெட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. கோடியில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் மட்டும் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அடிக்கம்பியில் ஒரே சுரத்தை இழுத்தார்கள். நான் மெட்டை விட்டுவிட்டு அவர்கள் கையையே பார்த்தேன். வில் முனைக்கு வந்தால் திருப்பியாக வேண்டும், திருப்பினால் சத்தம் ஒரு இமை நேரம் உடையும். அதனால் பையன் திருப்பும்போது அந்தப் பெண் திருப்பவில்லை. அவள் திருப்பும்போது அவன் பாதி வில்லில் இருந்தான். நாலு நிமிடமோ ஐந்து நிமிடமோ, அந்த ஒலி ஒரு இடத்திலும் அறுபடவில்லை.

எனக்கு யார் ஞாபகம் வந்தார் என்று நான் சொல்ல வேண்டுமா?

ராஜகோபாலசுவாமி கோவில் மண்டபத்தில் அப்பா கன்னத்தில் காற்றை அடைத்துவைத்து, மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டே ஒத்து ஊதுவார், நாதஸ்வரத்துக்குச் சுருதியாக ஒரே சுரத்தை விடாமல். எப்போது மூச்சு எடுக்கிறார் என்று கண்டுபிடிக்க நாம் அவர் எதிரில் குந்தியிருப்போம். ஒரு நாளும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அவர் தொழிலை வைத்தே உனக்குப் பெயர் வைத்தோம். ஆறாம் வகுப்பில் நீ அதற்காக ஒருத்தனை அடித்தபோது நான் உன் பக்கம் நிற்கவில்லை. அப்புறம் சுருதிப்பெட்டி வந்தது, செட்டில் அவருக்கு இடமில்லாமல் போனது. அது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அந்த ஹாலில் உட்கார்ந்துதான் முதல்முறையாக யோசித்தேன். 45 வயதில்.

கச்சேரி முடிந்து எல்லாரும் காபியும் பன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணிடம் போய்ப் பேசினேன். பதினேழு வயது. இடது கட்டைவிரல் ஓரத்தில் பட்டாணி அளவுக்குக் காய்த்துப்போயிருந்தது. மேல் சுரங்களுக்குக் கட்டைவிரலையே கம்பி மேல் படுக்கவைக்க வேண்டுமாம். ஒரே சுரத்தை இழுக்க அலுக்கவில்லையா என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. கடைசி நாற்காலியில் இருந்தால்தான் எல்லாரும் காதில் விழுகிறார்கள், கீழே ஒரு மயிரிழை இறங்கினால் மேலே பதினோரு பேரும் அபசுரம் என்றாள். வில்லா-லோபோஸில் முதல் நாற்காலியில் இருந்தது அவள்தான்! ஒவ்வொரு உருப்படிக்கும் இடம் மாறி உட்காருகிறார்கள். எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

அதனால் பாப்பாவின் ஆசிரியரிடம் போய்ச் சண்டை போடாதே. இடம் மாற்றி உட்காரவைப்பீர்களா என்று மட்டும் கேள். இங்கே அது சாதாரணம். இசைப்பள்ளிகளுக்கு அரசாங்கப் பணம் கிடைக்க 1960-களின் கடைசியிலேயே சட்டம் கொண்டுவந்த நாடு இது. பிள்ளைகள் சின்ன வயதிலேயே சேர்ந்து வாசிக்கப் பழகிவிடுகிறார்கள்.

ஹாஸ்டலில் நீ தேய்த்த அந்த கேசட் ஞாபகம் இருக்கிறதா? இது எலெக்ட்ரிக் கிட்டார்தான் என்று சத்தியம் பண்ணிப் பந்தயம் தோற்றாய். பத்து பரோட்டா பாக்கி, நான் மறக்கவில்லை. அந்த அபோகலிப்டிகாவும் இப்படி ஒன்றாகப் படித்த பிள்ளைகள்தான். ஹெல்சிங்கியில் சிபெலியஸ் அகாடமி என்ற இசைக் கல்லூரியில் 1993-ல் நாலு செல்லோக்காரர்கள் சேர்ந்து மெட்டாலிகா என்ற ராக் குழுவின் பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள், 1996-ல் ஆல்பம் வந்தது. அதில் பாவோ லோத்யோனென் என்று ஒருவர். அடிச் சுரங்கள் பெரும்பாலும் அவர் பொறுப்பு. ஆரம்பித்த நாலு பேரில் இரண்டு பேர் விலகிய பிறகும் அவர் இருந்தார். இன்று இராத்திரி அந்த ஆல்பத்தைப் பாப்பாவுக்குப் போட்டுக் காட்டு. மேலே போகும் மெட்டை விட்டுவிட்டுக் கீழே மட்டும் கேட்கச் சொல்.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவின் ஒத்து பரணில் இருக்கிறதா, யாரிடமாவது கொடுத்துவிட்டாயா? இருந்தால் இறக்கிவை. துடைக்கும்போது கீழ்த் துளைகளைப் பார்த்துத் துடை, சுருதிக்காக அவர் அடைத்த மெழுகு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டிவிடாதே. பொங்கலுக்கு வருகிறேன். யாரையாவது பிடித்து ஊதவைப்போம். அது என்ன சுருதி என்று பாப்பா செல்லோவில் பிடித்துச் சொல்லட்டும்.

உன்,
முரளி