பேரனுக்குப் பாரூக் என்று பெயர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியை வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். தாயும் பிள்ளையும் நலமாக இருப்பது பெரிய நிம்மதி. எனக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் மறுபடி படிக்கலாம் என்று சொன்ன பிறகு முதலில் எடுத்தது பைபிளில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தைத்தான். அதற்குக் காரணம் உன் கடிதம்.

பிள்ளைக்குப் பாரூக் என்று பெயர் வைக்கப்போவதாக உன் மகன் சொன்னதும் உறவினர்கள் முகம் சுளித்தார்கள், தாவீது, தானியேல் என்று தெரிந்த பெயராக வைக்கக் கூடாதா என்று கேட்டார்கள் என எழுதியிருந்தாய். நான் உன் மகன் பக்கம். 'ஆசீர்வதிக்கப்பட்டவன்' என்பது அதன் பொருள். அப்பம் பிட்கும்போது யூதர்கள் சொல்லும் ஜெபம் இந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. அரபியில் வழங்கும் முபாரக் இதே வேரில் பிறந்தது. தெபோராளோடு போருக்குப் போன பாராக்கின் பெயர் வேறு. அதற்கு மின்னல் என்று பொருள். ஃபாரூக் என்பதும் வேறு பெயர். கேட்பவர்களுக்கு இதைச் சொல்லி வை.

நேரியாவின் மகனான பாரூக்கை எரேமியாவின் எழுத்தர் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். 36ஆம் அதிகாரத்தை மறுபடி நிதானமாகப் படித்துப் பார். தீர்க்கதரிசி ஆலயத்துக்குள் போக முடியாத நிலை. அவர் சொல்லச் சொல்ல பாரூக் சுருளில் எழுதுகிறான். பிறகு உபவாச நாளில் ஆலயத்தில் கூடிய ஜனங்களின் காது கேட்க, அந்தப் பயங்கரமான வார்த்தைகளை அவனே வாசிக்கிறான். இதை எப்படி எழுதினாய் என்று பிரபுக்கள் விசாரிக்கிறார்கள். அவர் வாயால் சொன்னார், நான் மையினால் எழுதினேன் என்கிறான். அவ்வளவுதான் பதில். தன் பங்கைக் கூட்டியும் சொல்லவில்லை, எனக்கு இதில் சம்பந்தமில்லை என்று நழுவவும் இல்லை.

அடுத்து நடப்பது உனக்குத் தெரியும். குளிர்காலம், யோயாக்கீம் ராஜாவுக்கு முன் கணப்பு எரிகிறது. யெகுதி என்ற அதிகாரி மூன்று நான்கு பத்திகள் வாசித்ததும் ராஜா அந்தத் துண்டைச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். சுருள் முழுவதும் இப்படியே போகிறது. சுட்டெரிக்க வேண்டாம் என்று கெமரியா முதலானோர் கெஞ்சியும் பயனில்லை. ஒளிந்திருந்த பாரூக் வேறொரு சுருளை எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறான். முன்பு இல்லாத வார்த்தைகளும் அதில் சேர்ந்தன என்று அதிகாரம் முடிகிறது. ஒரு மனிதனின் மாதக்கணக்கான உழைப்பு சாம்பலான பிறகு மறுபடி மையைத் தொட்டு எழுத உட்காரும் அந்த இடத்துக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கிறது.

அவனுக்கும் மனம் உடைந்தது. இளைப்பாறுதல் இல்லையே என்று அழுகிறான். எரேமியா வழியாகக் கடவுளிடமிருந்து வந்த பதில் கடுமையானது: உனக்குப் பெரிய காரியங்களைத் தேடாதே, போகும் இடமெல்லாம் உன் உயிர் மட்டும் உனக்குக் கிடைக்கும். எருசலேம் முற்றுகையில் இருந்தபோது எரேமியா ஆனதோத்தில் பதினேழு சேக்கலுக்கு வாங்கிய நிலத்தின் பத்திரத்தை மண்பாண்டத்தில் வைத்துப் பாதுகாத்தவனும் இவனே. கடைசியில் எகிப்துக்குக் கொண்டு போகப்பட்டான்.

அவன் பெயரோடு சந்தைக்கு வந்த ஒரு களிமண் முத்திரையைப் பல ஆண்டுகள் கொண்டாடிவிட்டு, பின்னர் அது போலி என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் எருசலேமில் 1982இல் முறைப்படி நடந்த அகழாய்வில், சாப்பானின் மகன் கெமரியா என்று பொறித்த முத்திரை கிடைத்தது. பாரூக் சுருளை வாசித்தது அந்தப் பெயருள்ளவனின் அறையில்தான். கி.மு. 586இல் பாபிலோனியர் வைத்த தீயில் ஆவணங்கள் எரிந்துபோயின. அவற்றின் மேல் இருந்த களிமண்ணோ சூளையில் வைத்ததுபோல் வெந்து கெட்டியாகி நமக்கு மிஞ்சியிருக்கிறது.

பிற்காலத்தில் இந்தப் பெயரைச் சுமந்தவர்களில் தத்துவஞானி ஸ்பினோசாவை நீ அறிவாய். 1656 ஜூலை 27இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் பகலிலும் சபிக்கப்படுவான், இரவிலும் சபிக்கப்படுவான் என்று அவரை விலக்கிவைத்தது. அப்போது அவருக்கு 23 வயது. ஆசீர்வாதத்தைப் பெயராகக் கொண்ட இளைஞன்மேல் இத்தனை சாபமா என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. பிறகு லத்தீனில் பெனெடிக்டஸ் என்று எழுதிக்கொண்டார். பொருளை மட்டும் விடவில்லை.

உன் மருமகள் செவிலியராக இருப்பதால் பாரூக் பிளம்பர்க்கைப் பற்றி அவளிடம் அவசியம் சொல். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து, அதற்கான தடுப்பூசிக்கும் வழி செய்தவர். 1976இல் நோபல் பரிசு பெற்றார். மஞ்சள் காமாலைக்கு நம் பாட்டிமார் அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியையும் அவர் விட்டுவைக்கவில்லை. சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து சோதித்து, 1988இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார். அந்தப் பலன் பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் உறுதிப்படவில்லை என்றாலும், பிலடெல்பியாவின் விஞ்ஞானி ஒருவர் நம் வேலியோரச் செடியை மதித்துப் பரிசோதித்தது எனக்குப் பெருமை. உன் பேரனுக்கு மருத்துவமனையில் பிறந்தவுடன் போட்ட ஊசிகளில் அந்தத் தடுப்பூசியும் இருந்திருக்கும். அவன் பெயர்க்காரர் அவனுக்குச் செய்த முதல் உதவி என்று சொந்தக்காரர்களிடம் சொல்.

பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று மகனை ஒருமுறை சரிபார்க்கச் சொல். ஞானஸ்நானத் தேதி முடிவானதும் உடனே எழுது. டிக்கெட் கிடைத்தால் முதல் நாளே வந்துவிடுகிறேன்.

உன் அன்பு நண்பன்