சாவி பீரோவில்தான் இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ராத்திரியில் தைலம் போட்டுக்கொள்கிறாள். இந்த வருஷம் மார்கழிப் பனி அதிகம். திராட்சைப் பந்தலுக்குள் எட்டு மணி வரை இலை காய்வதில்லை. அடிச்சாம்பல் நோய் விழுந்துவிடுமோ என்று நானும் சித்தப்பாவும் மாறி மாறி இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போர்டோ கலவை மருந்து ஒரு சுற்று அடித்தாயிற்று.

போனில் பேசினால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், நிதானமாகப் படி.

டிராக்டர் விஷயம்தான்.

ஆயுத பூஜைக்கு வந்தபோது, நான் காபி தம்ளரைப் பிடிக்க முடியாமல் வேட்டியில் கொட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "இனிமேல் டில்லரைத் தொடாதீங்கப்பா, குபோட்டாவே எடுப்போம், முன்பணம் நான் போடுறேன், விலையைப் பத்தி யோசிக்காதீங்க" என்றாய். அப்போது அம்மா, நான் பின்னால் நடந்தபடி கையால் பிடித்து உழுகிற அந்த டில்லருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலமே தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் சந்தோஷத்தை நான் எப்படித் தடுப்பது?

கார்த்திகை பிறந்ததிலிருந்து நீ சின்ன வண்டியின் வீடியோவாக அனுப்புகிறாய். மகிந்திரா யுவராஜ் 215, 15 ஹெச்.பி., ஒற்றை சிலிண்டர், குபோட்டா விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. 'மூணு ஏக்கருக்கு இது போதும்பா' என்று எழுதியிருக்கிறாய். தப்பில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். நம் மேலத் தோட்டத்துச் செம்மண்ணில் மண்ணைக் கிளறுகிற மூன்றடி ரோட்டவேட்டரை அது இழுத்துவிடும். மருந்தடிக்கிற பம்பு ஓடும். டிரெய்லரில் அளவாகப் பெட்டி ஏற்றினால் ரோடு வரைக்கும் கொண்டுபோய்விடும். ஒற்றை சிலிண்டர் என்றால் டில்லர் பார்க்கிற நம்ம ஊர் மெக்கானிக்கே பிரித்துப் பார்த்துவிடுவார். அதுவும் ஒரு சௌகரியம்தான்.

கிழக்குப் பாத்திதான் யோசனையாக இருக்கிறது. அங்கே களி, உனக்கே தெரியும். தண்ணீர் பாய்ச்சி மூன்று நாள் ஆனாலும் கால் வைத்தால் செருப்பு மண்ணோடு நின்றுவிடும். இரண்டு சக்கரம் இழுக்கிற வண்டி அந்த இடத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும், குழி பறிக்கும், வேரை அறுக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி மெதுவாக ஊர்ந்து வெளியே வந்துவிடும்.

போன வாரம் பெரிய மாமா தோட்டத்தில் டெமோ காட்ட ஒரு குபோட்டா பி2441 வந்தது. 24 ஹெச்.பி., மூன்று சிலிண்டர். அந்தப் பையன் என்னையே ஏறி ஓட்டச் சொன்னான். தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டால் பந்தல் கம்பி தொப்பியை உரசாமல் போகிறது. வரிசைக் கடைசியில் கல்தூணுக்கு ஒரு முழம் இருக்கும்போது ஸ்டீயரிங்கை ஒடித்தேன். ஒரே வீச்சில் திரும்பி அடுத்த வரிசைக்குள் நுழைந்துவிட்டது. முன் அச்சில் பெவல் கியர் என்று சாய்வான பல்சக்கரம் வைத்திருக்கிறார்களாம். முன் சக்கரத்துக்கு இழுவை கொடுத்துக்கொண்டே அவ்வளவு கூர்மையாகத் திரும்புவது அதனால்தான். வெளியே ஜாயிண்ட் இல்லாததால் சேறும் உள்ளே போகாதாம். இறங்கியபோது என் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. டில்லரில் ஒரு மணி நேரம் ஓட்டினால் ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் விரல் மரத்துக் கிடக்கும்.

இதைச் சொன்னதும் உடனே 'அப்போ குபோட்டாவே எடுத்துடுவோம்பா' என்று சொல்லிவிடாதே. அதற்காக எழுதவில்லை. நன்றாக இருந்தது, சொன்னேன், அவ்வளவுதான். காசு அனுப்பாதே.

மாமா மகிந்திரா ஜீவோ 245 எடுக்கலாம் என்கிறார். அதுவும் 24 ஹெச்.பி., நாலு சக்கர இழுவை, ஆனால் இரண்டு சிலிண்டர். திராட்சைத் தோட்டத்துக்கென்றே அதில் ஒரு மாடல் வருகிறது. நீ போட்ட பட்டியலில் அதுவும் இருந்தது, பார்த்தேன். கம்பெனிப் பெயர் எதுவாக இருந்தாலும், பழுதானால் அன்றைக்கே வந்து பார்க்க ஆள் இருக்கிறதா, ஃபில்டரும் கிளட்ச் பிளேட்டும் தேனியில் கிடைக்கிறதா என்றுதான் நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பூ எடுக்கிற சமயத்தில் மழை பெய்தால் மறுநாள் காலையில் மருந்து அடித்தே ஆக வேண்டும். பாகம் வர பத்து நாள் ஆகும் என்றால் ஒரு மகசூலே போய்விடும். அதனால் விலையை மட்டும் பார்க்காதே, பேரை மட்டும் பார்க்காதே. இதை முன்னேயும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

அப்புறம் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12 சதவீதம் 5 ஆகிவிட்டது என்று நீதான் முதலில் சொன்னாய். வரியோடு ஆறு லட்சம் இருந்த வண்டிக்கு 37,500 ரூபாய் இறங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாய். டயருக்கும் ஸ்பேருக்கும் 18லிருந்து 5 என்றாய். டீக்கடையில் நான் அதை அப்படியே சொன்னேன். 'உங்க பையன் விவரமானவன்' என்றார்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? இந்த ஊரில் எவன் இப்படி ஒன்பது வண்டியை வரிசைப்படுத்தி, எடை, அகலம், டீசல், தூக்குகிற பாரம் என்று பட்டியல் போட்டு அப்பனுக்கு அனுப்புவான்!

ஆனால் தம்பி, அந்தப் பட்டியல் வந்தது செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு. அதற்கு முந்தின வீடியோ ராத்திரி இரண்டே காலுக்கு. முன்பெல்லாம் பகலில் கூப்பிட்டால் 'மீட்டிங்ல இருக்கேன்பா' என்று ஒரு வார்த்தையில் வைத்துவிடுவாய். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கும். இப்போது ஐந்து வாரமாக எந்த நேரம் கூப்பிட்டாலும் இரண்டாவது மணியில் எடுத்துவிடுகிறாய். ஒரு நாள்கூட மீட்டிங் என்று சொல்லவில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. தூங்கு. ராத்திரி இரண்டு மணிக்கு டிராக்டரைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

வண்டிக்கு அவசரமே இல்லை. அடுத்து கொடியை வெட்டிவிடுகிற கவாத்து வரைக்கும் டில்லர் ஓடும், சித்தப்பா மகன் பிடிக்கிறேன் என்கிறான். மானியத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். பட்டா அம்மா பேரில் இருப்பதால் பெண் விவசாயி கணக்கில் 50 சதவீதம் வரும், அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. சிறு விவசாயி சான்று தாசில்தார் ஆபீசில் வாங்கியாயிற்று. உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் வண்டி எடுக்க வேண்டும். வரிசையில் நம் முறை வரக் காத்திருக்கலாம். மாசி ஆனாலும் சரி, சித்திரை ஆனாலும் சரி. முன்பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், இரண்டு அறுப்பு நன்றாக வந்திருக்கிறது. நீ காசு அனுப்பாதே.

நேற்று ராத்திரி இதுவரைக்கும் எழுதிவிட்டு மடித்து வைத்தேன். காலையில் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பீரோவைத் திறந்து, பட்டுச்சேலைக்கு அடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். சிவப்புக் கயிறு கட்டிய சாவி. உனக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த வண்டி சர்வீசுக்குப் போகவில்லை.

நமக்கு அந்த வண்டி தேவையே இல்லை தம்பி. பழைய வண்டி, 45 ஹெச்.பி. பந்தலுக்குள் மூக்கைக்கூட நுழைக்க முடியாது. வாடகை உழவுக்கு, செங்கல் ஓட்ட என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை என்னவென்றால், உன் அத்தை வீட்டு விசேஷத்தில் என்னை 'டில்லர்க்காரர்' என்று ஒருத்தர் கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லுக்காகத் தனியார் ஃபைனான்சில் வட்டியைக்கூடச் சரியாகக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். மட்கார்டில் அம்மா பேரையும் உன் பேரையும் எழுத வைத்தேன். நீ ஒன்பதாவது படித்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றாமலே சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாய்.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினையில் குமுளிப் பாதை மூடிவிட்டது. கேரளாவுக்கு ஒரு லாரி ஏறவில்லை. பழம் கொடியிலேயே வெடித்து, பந்தலுக்குக் கீழே நடந்தால் காலில் பிசுபிசு என்று ஒட்டும், ஈ மொய்க்கும். அதற்கு முன்னாலேயே இரண்டு டியூ பாக்கி, அது மூன்றாவது. ஒரு நாள் விடியற்காலையில் நாலு பேர் டிரைவரோடு வந்தார்கள். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். 'சத்தம் போடாதீங்க, பையன் எந்திரிச்சிருவான்' என்று அவர்களிடம் கெஞ்சினேன். தெருமுனை வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் கூடச் சேர்ந்து தள்ளினேன்.

சாயங்காலம் நீ கேட்டாய். 'போடிக்கு சர்வீசுக்குப் போயிருக்குடா' என்றேன். மறுநாளும் கேட்டாய். பொங்கல் வரைக்கும் கேட்டாய். அப்புறம் கேட்கவில்லை. சின்னப் பையன், மறந்துவிட்டான் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

நீ மறக்கவில்லை என்று அம்மா எனக்குச் சொன்னது நீ காலேஜ் முடித்த பிறகுதான். மாசியில் ஸ்கூல் டூர் பஸ்ஸில் போகும்போது, ரோட்டோரம் ஒரு வேலிக்குள் வரிசையாக நிறுத்தி வைத்த வண்டிகளுக்கு நடுவில் நம் வண்டியைப் பார்த்திருக்கிறாய். மட்கார்டில் உன் பேர் அப்படியே இருந்திருக்கிறது. வந்து அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, 'அப்பாகிட்ட சொல்லாதம்மா, கஷ்டப்படுவாரு' என்றாயாம். பதினாலு வயசில்.

அதைக் கேட்ட பிறகும் நான் உன்னிடம் பேசவில்லை. இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று விட்டுவிட்டேன். கடன் வாங்கியது தப்பு. அதைவிட, வண்டி போன அன்றைக்கு உன்னை எழுப்பி உட்கார வைத்து, 'அப்பாவால் கட்ட முடியவில்லைடா, எடுத்துக்கொண்டு போகிறார்கள்' என்று சொல்லாமல் விட்டது பெரிய தப்பு. ஒரு வீட்டில் கஷ்டம் வந்தால் இப்படித்தான் சத்தமில்லாமல் தெருமுனை வரை தள்ளிவிட வேண்டும் என்று உனக்கு நான்தான் காட்டிக் கொடுத்திருக்கிறேனோ என்று இந்த ஐந்து வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை.

சரி. சொல்லிவிட்டேன்.

நீ வந்து ஓட்டிப் பார்க்காமல் எந்த ஷோரூமிலும் ஒரு ரூபாய் கட்ட மாட்டேன். இரண்டு வண்டியையும் ஒரே நாளில் கிழக்குப் பாத்தியில் இறக்கிக் காட்டச் சொல்லியிருக்கிறேன், நாள் நீ சொல்லு. பெரியது என்றாலும் சரி, சின்னது என்றாலும் சரி, இப்போது வேண்டாம் என்றாலும் சரி. பொங்கலுக்குத்தான் வர வேண்டும் என்று இல்லை. அதற்கு முன்னாலேயே வரலாம், வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். மேல் ரூமை அம்மா நேற்றே கழுவிவிட்டாள்.

பார்சலில் முறுக்கும் நெல்லிக்காய் ஊறுகாயும் இருக்கிறது. கூட இருக்கிற பையன்களுக்கும் கொடு. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே.

பெங்களூரு பஸ் கம்பத்துக்கு விடியற்காலையில் வந்துவிடும். கிளம்புகிற அன்றைக்கு ஒரு மெசேஜ் போடு, எத்தனை மணியானாலும் ஸ்டாண்டில் நிற்பேன்.

அப்பா