ஆஞ்சியோ படத்தைப் பார்த்து எனக்குப் புரிய வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் இதயத்தின் இரண்டு ரத்தக்குழாய்களில் அடைப்பு, அதில் ஒன்று எண்பது சதவீதம் என்று, குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோவில் தெரிந்ததும் வீடே கலங்கிப்போனது. உடனே ஆபரேஷன் செய்துவிடு என்று பாதிப் பேர், கத்தியே வைக்கவிடாதே என்று மீதிப் பேர். அந்தக் களேபரத்தில் நிதானமாகப் பேசியவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் டாக்டர் அம்மாவுக்கு. கிளினிக் மூடும் நேரத்தில் சிடியைப் போட்டு, இடது பக்கப் பிரதானக் குழாயைப் பேனா முனையால் காட்டினீர்கள். "இது சுத்தமா இருக்கு. இங்க அடைப்பு இருந்திருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றீர்கள். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவில் பம்பிங்கும் நன்றாக இருந்தது. மாரடைப்பு வந்து படுத்தவருக்கு, அடைத்த குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் உயிர் காக்கும், என்னைப் போல வேகமாக நடந்தால் மட்டும் நெஞ்சு இறுகுகிறவர் கணக்கு வேறு என்பது அன்றுதான் விளங்கியது.

நீங்கள் அனுப்பிவைத்த இதய மருத்துவரும் அவசரப்படுத்தவில்லை. 37 நாடுகளில், என்னைப் போன்ற 5,179 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வைப் பற்றிச் சொன்னார். முதலிலேயே ஸ்டென்ட், அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் பைபாஸ் ஆபரேஷன் என்று போனவர்களுக்கும் மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் இடையே, மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவனித்தும், மரணத்திலோ மாரடைப்பிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லையாம். நெஞ்சுவலி குறைவதில் மட்டும் முன்னவர்களுக்கே அனுகூலம். "அந்த வலி உங்களை எவ்வளவு முடக்குது?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. எப்போதாவதுதான் சார் என்றேன். சரி, மாத்திரையில் தொடங்குவோம் என்று முடிவானது.

என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியாருக்கு ஒரு கும்பிடு. வேட்டியை விலக்கி, பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த காலின் நீளத் தழும்பைக் காட்டினார். "எனக்குச் சர்க்கரை, மூணு குழாயும் அடைப்பு. பைபாஸ்தான் சரின்னாங்க, சரியாத்தான் இருக்கேன். அதுக்காக நீ என்னைப் பார்த்து முடிவு பண்ணாத." ஊரில் எல்லோரும் தன் கதையை மருந்தாக விற்கும்போது இப்படிச் சொல்ல மனசு வேண்டும்.

மருந்துக்கடைத் தம்பி, ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால் அட்டைகளில் காலை, இரவு என்று தமிழில் எழுதிக் கொடுத்தாய். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை உட்கார்ந்துகொண்டுதான் வைக்கணும், பிரஷர் இறங்கித் தலை சுற்றும் என்றும் சொன்னாய். நல்லா இருப்பா.

ரத்தம் கொடுக்க ஆள் சேர்த்துவைத்த மச்சானுக்கு என் மேல் இன்னும் வருத்தம்தான். மச்சான், ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலி கூடினாலோ, சும்மா இருக்கும்போதே வந்தாலோ, உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் உங்களிடமே இருக்கட்டும்.

செலவுக்கென்று பணம் தந்தவர்களுக்கு இந்த வாரத்துக்குள் அது திரும்பி வரும். தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கும்பகோணம்